பொறிகள் பாடிய கதை – 12: நான்கு குரல் பெட்டி மேடை ஏறுகிறது

சென்ற அத்தியாயம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், மேத்தன் மணி என்ற பொறிக் கடிகாரத்தின் முன்னால் முடிந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் அதன் முகப்பிலுள்ள தாடிக்காரர் வாய் திறப்பார். இரு பக்கத்துக் கடாக்களும் பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் முட்டும். பத்மதீர்த்தக் குளத்தங்கரையில் அண்ணாந்து நிற்கும் கூட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்த நிகழ்ச்சியில் கலைஞர் என்று ஒருவர் இல்லை. செய்தவன் எப்போதோ செய்துவிட்டுப் போய்விட்டான். சக்கரங்கள் அவன் சொன்னதையே மணிக்கு மணி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அதே கோட்டைக்குள், கூப்பிடு தூரத்தில், நவராத்திரி மண்டபம் இருக்கிறது. அங்கே நடக்கும் கச்சேரியில் சுவாதித் திருநாளின் கீர்த்தனையை எடுத்துக்கொண்டு பாடகர் எந்த வரியில் நிரவல் செய்வார், எத்தனை ஆவர்த்தனம் சுரம் பாடுவார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின்காரருக்கே முன்கூட்டித் தெரியாது. ஒருபுறம் எல்லாம் எழுதிவைக்கப்பட்ட பொறி, மறுபுறம் அந்தக் கணத்தில் பிறக்கும் பாட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு விசித்திரமான இடம் உண்டு. கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பவரின் இடம் அது. இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

முதலில் பெட்டி வந்த வழி. மின்னணுவியலுக்குத் திருவனந்தபுரம் புதிய ஊர் இல்லை. இந்தியாவில் ஒரு மாநில அரசு தொடங்கிய முதல் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973-ல் இங்கேதான் பிறந்தது. 1990-ல் டெக்னோபார்க் வந்தது. ஆனால் விளையாட்டுப் பெட்டிகள் தொழிற்சாலை வழியாக வரவில்லை. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்களின் பெட்டிகளில் துணிமணிக்கும் வாசனைத் தைலத்துக்கும் இடையில் வந்தன. 1991-ல் இந்த ஊர் விமான நிலையம் சர்வதேச நிலையமானபோது அந்த வரவு இன்னும் பெருகியது. ஆ. மாதவன் கதைகளாக எழுதித் தீர்த்த சாலைக் கடைத்தெருவிலும், ஊருக்கு ஊர் திருவிழாக் கடைகளிலும், மலிவுப் பதிப்புகள் தொங்கின. செங்கல் அடுக்கும் ஆட்டம் ஒன்றே உள்ளே இருக்கும். அட்டையில் மட்டும் ‘9999 ஆட்டங்கள்’ என்று அச்சடித்திருக்கும். அதன் ஒலி ஒற்றைக் குரல் கீச்சு. தொண்ணூறுகளில் வளர்ந்த தென்னிந்தியப் பிள்ளைகளில் பலருக்கு, சில்லு ஒன்று பாடிக் கேட்ட முதல் அனுபவம் அந்தக் கீச்சுதான்.

மேடையைப் பொறுத்தவரை, சில்லுகள் அதற்கும் முன்பே ஏறிவிட்டன. அதை யாரும் புரட்சி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ரேடல் நிறுவனத்தின் பெட்டிகள் சில ஆண்டுகளில் சபாக்களுக்குள் புகுந்தன. திருவனந்தபுரம், சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று எங்கே கர்நாடகக் கச்சேரி நடந்தாலும் பாடகரின் முழங்காலருகே சின்னப் பெட்டி ஒன்று ரீங்கரித்துக்கொண்டிருப்பது இன்று சாதாரணக் காட்சி. ஆச்சாரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ரயிலில் தம்பூராவைத் தூக்கிச் செல்லும் சிரமத்தை நினைத்து அவர்களும் ஒன்று வாங்கினார்கள். ஆனாலும் அந்தப் பெட்டியை யாரும் ‘வாசிப்பதில்லை’. கட்டை வைத்து, முடுக்கிவிட்டு, மறந்துவிடுவார்கள். மேடையில் இருந்தும் அது மேத்தன் மணியின் இனம்தான்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் கதை கொஞ்சம் வேறு. 1986 தீபாவளியை ஒட்டி வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். அப்போது திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரகுமானுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. அந்தக் கணினிக்குள் இருந்தது இசட்80 என்ற 8-பிட் செயலி. மூன்று ஆண்டுகள் கழித்து ஜப்பானில் வெளிவந்த ஒரு விளையாட்டுப் பெட்டியில் ஷார்ப் நிறுவனம் செய்துகொடுத்த செயலி இருந்தது. அது இசட்80-க்குப் பங்காளி முறை. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒலித்த பாட்டும், நாம் பார்க்கப்போகும் மேடையும் ஒரே குடும்பத்துச் சில்லுகளில் பிறந்தவை.

நின்டெண்டோவின் கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று கடைக்கு வந்தது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய குன்பேய் யோகோயிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. புத்தம்புது உதிரி வேண்டாம். எல்லாரும் பழகி, விலை விழுந்துபோன உதிரியை எடுத்து யாரும் யோசிக்காத வேலைக்கு வைக்க வேண்டும். போட்டியாளர்கள் வண்ணத்திரை காட்டிக்கொண்டிருந்தபோது அவர் பாசிப் பச்சைத் திரையோடு நின்றார். நான்கு பென்சில் பாட்டரி போட்டால் பல மணி நேரம் ஓடியது. அந்தப் பெட்டியும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து உலகம் முழுவதும் 11.8 கோடிக்கு மேல் விற்றன. கெட்டியான, மலிவான, எங்கும் கிடைக்கும் பெட்டி. பின்னாளில் இசைக்காரர்களுக்கு இந்த மூன்றும்தான் உதவின.

ஒலிப்பகுதிக்குப் பொறுப்பானவர் ஹிரோகாஸு தனாகா. அவர் பொறியாளர், கூடவே இசையமைப்பாளர், ரெகே, டப் பைத்தியம். ‘மெட்ராய்ட்’ ஆட்டத்துக்கும், கேம் பாயில் வந்த ‘டெட்ரிஸ்’ ஆட்டத்துக்கும் இசை அவருடையது. அவர் கையில் கிடைத்தது நான்கு குரல். இரண்டு சதுர அலைக் குரல்கள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை நாதம் மட்டும். மூன்றாவது, 32 புள்ளிகளால் நாமே வரைந்துகொள்ளும் அலை. ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான்காவது வெறும் இரைச்சல்: தாளக் கருவிக்கும் வெடிச் சத்தத்துக்கும் அதுவேதான் கதி. பெட்டியின் ஒலிபெருக்கி ஒன்றே என்றாலும் காதொலிப்பான் மாட்டினால் ஒவ்வொரு குரலையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ நடுவிலோ நிறுத்திவைக்கலாம்.

இந்த நான்கு குரலில் ஒரு தம்பூராவை உட்காரவைக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. போட்டால் சுவையான விடை வருகிறது. சதுர அலைக் குரலின் அதிர்வெண், 131072 என்ற நிலையான எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. வகுக்கும் எண் 1 முதல் 2048 வரை இருக்கலாம். 660-ஆல் வகுத்தால் சுமார் 198.6 ஹெர்ட்ஸ். ஏறத்தாழ ஐந்து கட்டை. பெண் பாடகர்கள் பலரின் ஸட்ஜமம் அந்தப் பக்கம்தான். 880-ஆல் வகுத்தால் மந்திர பஞ்சமம், 1320-ஆல் வகுத்தால் மந்திர ஸட்ஜமம். 660-க்கும் 880-க்கும் உள்ள உறவு துல்லியமாக மூன்றுக்கு நான்கு. பியானோவில் கிடைக்காத சுத்தமான பஞ்சமம், குழந்தைகள் விளையாட்டுப் பெட்டியில் தசமப் பிழை இல்லாமல் கிடைக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். பஞ்சமத்துக்கு ஒரு குரல், ஸட்ஜமத்துக்கு ஒன்று, மந்திரத்துக்கு ஒன்று என்று பங்கு போட்டால் மிச்சம் இரைச்சல் மட்டும். தம்பூராவும் மிருதங்கமும் தயார், பாட ஆளில்லை! தந்திகளை ஒரே குரலில் அடுத்தடுத்து மீட்டலாம்தான். ஆனால் அடுத்த தந்தி எழும்போது முந்தையதன் கார்வை வெட்டுப்பட்டுவிடும். கார்வை இல்லாத தம்பூராவை எதற்கு மீட்ட வேண்டும்?

கமகத்திலும் இந்த வகுத்தல் வேலையைக் காட்டுகிறது. 660-ஐ 659 ஆக்கினால் சுருதி 0.3 ஹெர்ட்ஸ்தான் உயரும். காதுக்குப் படியே தெரியாது, ஜாரு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு ஸ்தாயி மேலே, 165-ஐ 164 ஆக்கும்போது ஒரே தாவலில் கிட்டத்தட்ட 5 ஹெர்ட்ஸ். இன்னும் ஒரு ஸ்தாயி ஏறினால் தாவல் 19 ஹெர்ட்ஸ். ஒரு சுருதி அளவு இடைவெளி. கீழே குழைந்து வரும் தோடி காந்தாரம் மேலே போகப் போக மாடிப்படியில் இறங்கும் சத்தமாகிவிடும். இப்படிச் சில்லுகளில் ஆக்கும் இசையான சிப்டியூன் கேட்டவர்களுக்கு அந்தப் படிச் சத்தம் பழக்கம். அதைக் குறையாக நினைக்காமல் நாதத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாண்டு காலம் இந்த நான்கு குரலும் ஆட்டங்களுக்குப் பின்னணியாகவே இருந்தன. நின்டெண்டோ ஆட்டம் எழுதும் நிறுவனங்களுக்குத்தான் கருவிகளைக் கொடுத்தது. வீட்டில் வைத்திருப்பவர் ஒரு சுரம் கூடத் தானாகப் போட முடியாது. பூட்டை உடைத்தவர்கள் தனி ஆட்கள். ஹாம்பர்க் கலைக் கல்லூரி மாணவர் ஒலிவர் விட்சோ 1998-ல் ‘நானோலூப்’ எழுதினார். திரையில் நான்குக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு அடி. கட்டத்தை நிரப்பினால் ஒலிக்கும், நகர்த்தினால் சுருதி மாறும். 2000-ல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டிஜே’யைக் கொண்டுவந்தார். இசைக்காரர்கள் பேச்சில் அது எல்எஸ்டிஜே. இரண்டும் கேம் பாயில் செருகும் கேட்ரிட்ஜாக வந்தன. எட்டு பொத்தான்கள் கொண்ட பெட்டி அன்றிலிருந்து வாத்தியம்.

எல்எஸ்டிஜேயின் திரை முதல் பார்வைக்குக் கணக்கர் பேரேடு. பதினாறு வரிகள் சேர்ந்தால் ஒரு சொற்றொடர். சொற்றொடர்களைக் கோத்தால் சங்கிலி. நான்கு குரலுக்கும் நான்கு பத்தியாகச் சங்கிலிகளை அடுக்கினால் பாட்டு. பதினாறு வரி என்றதும் நான்கு நான்காக மட்டும்தான் எண்ணும் என்று தோன்றலாம், அப்படி இல்லை. எந்த வரியிலும் ‘இங்கிருந்து தாவு’ என்று கட்டளை போடலாம். பதினான்கு வரி ஓடியதும் தாவினால் மிஸ்ர சாபு கையில் இருக்கிறது. ஒரு குரலை 16-லும் மற்றொன்றை 14-லும் ஓடவிட்டால் இரண்டும் 112-ஆவது அடியில்தான் ஒன்றாக விழும். தனி ஆவர்த்தனத்தில் கணக்குப் போடும் மிருதங்கக்காரர் இதைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கேட்டு வாங்குவார்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே எழுதிவைத்துவிட்டால் மேடையில் நிற்பவருக்கு என்ன வேலை? சிப்டியூன்காரர்களைத் துரத்திய கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. கிராஃப்ட்வெர்க் குழு 1981-லேயே ‘பாக்கெட் கால்குலேட்டர்’ பாட்டுக்குக் கையடக்கக் கணிப்பானை மேடையில் பிடித்துக் காட்டி, முன்வரிசை ரசிகர்களை அழுத்தவும் வைத்தது. அது பாதி நகைச்சுவை. எல்எஸ்டிஜேயின் விடை இன்னும் காரியமானது. அதில் ‘லைவ்’ என்று ஒரு முறை உண்டு. அதில் பாட்டு மேலிருந்து கீழே ஓடாது. ஒவ்வொரு குரலும் தன் சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். வாசிப்பவர் நகர்த்திக் குறிப்பது அடுத்த சங்கிலியை. நடப்பது முடிந்ததும் புதியது சரியாகக் காலப்பிரமாணத்தில் நுழையும். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் ஒரு குரல் அடங்கும். இரைச்சல் தாளத்தை நிறுத்தி, தாழ்ந்த அலைக் குரலை மட்டும் எட்டுச் சுற்று ஓடவிட்டு, கூட்டம் பொறுமையிழக்கும் தறுவாயில் நான்கையும் திறந்துவிடுவது அந்த மேடையில் பெரிய வித்தை. எதை எப்போது நிறுத்துவது, எத்தனை சுற்று தாக்குப்பிடிப்பது, எங்கே விடுவது: முடிவுகள் எல்லாம் அந்த நிமிடத்தில் எடுக்கப்படுகின்றன.

இரண்டு பெட்டி இருந்தால் வசதி இரட்டிப்பு. சிறுவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ‘டெட்ரிஸ்’ ஆடுவதற்காகக் கொடுத்த இணைப்புக் கம்பி, ஒன்றின் தாளத்தை மற்றொன்றுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நான்கு குரல் எட்டாகும். பலர் பெட்டியைத் திறந்து, ஒலிக் கட்டுப்பாட்டுக்கு முந்திய இடத்திலிருந்தே கம்பி எடுத்துத் தனி வெளியீடு வைத்துக்கொள்கிறார்கள். அரங்கின் பெரிய ஒலிபெருக்கியில் இரைச்சல் குறைந்து அடிநாதம் கனக்கும். இருட்டு மேடையில் பச்சைத் திரை தெரியாது என்பதால் பின்னால் ஒரு விளக்குப் பலகையும் செருகுவார்கள். எந்த மாதிரிப் பெட்டியைத் தேர்வது என்பதில் இன்னமும் சண்டை உண்டு. 1989-ஆம் ஆண்டுச் சாம்பல் பெட்டிக்குத்தான் அடிநாதம் நன்றாக வரும் என்பது பழைய கட்சி.

மேடை வரலாறு மளமளவென்று நடந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளராக இருந்த மால்கம் மெக்லாரன், 2003 நவம்பரில் ‘வயர்டு’ இதழில் இதுதான் அடுத்த பங்க் என்று எழுதினார். புகழ்ச்சி என்றாலும் இசைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. க்வெம் என்ற மேடைப் பெயர் கொண்ட பிரிட்டன் கலைஞர் திறந்த மடல் எழுதி, தங்களைத் தங்களுக்கே தெரியாத ஒரு இயக்கத்தில் சேர்க்க வேண்டாம் என்ற பொருளில் மறுத்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பல நாட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியதை ஒரு பிரபலம் ஒரே கட்டுரையில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வது எந்தக் கலைக்கும் நடக்கிறதுதான்.

பிறகு 2006 நவம்பர் 30 முதல் டிசம்பர் 3 வரை நியூயார்க்கில் நான்கு நாள் ‘பிளிப் ஃபெஸ்டிவல்’ நடந்தது. தி டேங்க் என்ற கலை அரங்கும் 8பிட்பீப்பிள்ஸ் என்ற இசைக்குழுமமும் சேர்ந்து நடத்திய விழா. நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர் போன்றவர்கள் கேம் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கீழே கூட்டமும் குதித்தது. விழா 2012 வரை நடந்தது. டோக்கியோவுக்கும் மெல்போர்னுக்கும் போய் வந்தது. 2008-ல் ‘ரீஃபார்மட் தி பிளானட்’ என்ற ஆவணப்படமும் வந்தது. அதில் பார்ப்பவருக்கு முதலில் படுவது உடல்மொழி. கணினிக்குப் பின்னால் குனிந்து நிற்பவருக்கு மேசை உண்டு. கேம் பாய்க்காரருக்கு மேசையே தேவையில்லை. கம்பி நீளும் வரை நடக்கலாம், முன்வரிசையிடம் பெட்டியை நீட்டலாம்.

ஆபத்தும் அவர் பக்கத்திலேயே நிற்கிறது. எல்எஸ்டிஜே பாடல்கள் கேட்ரிட்ஜுக்குள் நினைவகத்தில் இருக்கும். பெட்டி அணைந்த பிறகு அந்த நினைவைத் தாங்குவது காசு அளவு பாட்டரி. அது தீர்ந்தால் பாட்டுத் தொகுப்பு முழுவதும் போய்விடும். நான்கு பென்சில் பாட்டரியில் ஒன்று நிகழ்ச்சி நடுவே இளைத்தால் திரை மங்கி, பெட்டி தன்பாட்டுக்கு அணையும். அனுபவசாலிகள் இரண்டாவது பெட்டியில் அதே பாடல்களை வைத்திருப்பார்கள், தவிலுக்கு மாற்றுத் தொப்பி வைத்திருப்பதைப் போல.

இன்று அந்தச் சாம்பல் பெட்டிகளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. திரையில் கோடு கோடாக எழுத்து மறைகிறது, மின்தேக்கிகள் கசிகின்றன, நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘அனலாக் பாக்கெட்’ என்ற புதுக் கருவி, பழைய கேட்ரிட்ஜுகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதற்குள் நானோலூப் பிறவியிலேயே பொதிந்து வருகிறது. மாணவர் ஒருவர் பூட்டை உடைத்து நுழைத்த நிரல், இப்போது பெட்டியோடு கிடைக்கும் வாத்தியம். எல்எஸ்டிஜேயோ இன்னும் கோட்லின்ஸ்கியின் கையில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஹிரோகாஸு தனாகாவை விட்ட இடத்தில் விட்டுவிட முடியாது. ஆட்டங்களுக்குள் பெயர் தெரியாமல் இசை போட்ட அவர், ‘சிப் தனாகா’ என்று பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். 2017-ல் ‘ஜாங்கோ’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. நான்கு குரலையும் வடிவமைத்தவரே, அந்தக் குரல்களில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே மேடையில் வாசித்தார்.

அடுத்த அத்தியாயம் மும்பைக்குப் போகிறது. 1982-ல் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் மூன்று ரோலண்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 2010-ல் அது மறுபதிப்பாகி, முதுமையில் அவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்துப்போன கதை அது.

(தொடரும்)